வெல்டர் வீட்டுப் படிக்கட்டு

இரும்பை இரும்போடு ஒட்ட வைக்கும் தொழில் என்று வெல்டிங்கைச் சொல்வார்கள். உண்மையில் ஒரு வீட்டுக்காரரை இன்னும் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ள வைக்கும் தொழில் அது.

திருத்தணியில் அரக்கோணம் சாலையில் இருபத்தாறு வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். ஜன்னல் கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி, உடைந்த சைக்கிள் கேரியர், எது வந்தாலும் பற்ற வைத்துக் கொடுப்பேன். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேராவது என்னைப் போன்ற ஒருவனுக்காக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். அவன் போனில் சொன்னதை நம்பி ஆபீசுக்கு லீவு போட்டிருப்பீர்கள். அவனை என்னவெல்லாம் திட்டியிருப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும், பலவற்றை நேரிலேயே கேட்டிருக்கிறேன். ஆனால் இந்த வருஷம் சித்திரையிலிருந்து ஆடிக்குள் நானும் உங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டேன். அதைக் கேட்டுவிட்டு மிச்சத்தைத் திட்டுங்கள்.

பதினேழு படி

என் வீட்டு மாடியில் ஓர் அறை கட்டி இரண்டு வருஷம் ஆகிறது. மகள் ஜமுனாவை அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். அவள் வந்தால் தங்குவதற்காகக் கட்டிய அறை. வெளிச்சுவரை ஒட்டிப் பதினேழு படி. ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் ஒன்றுமில்லை. கைப்பிடிதானே, நம் கையில் இருக்கிற வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை போனது என்ற கணக்கு என் மனைவி கஸ்தூரியிடம் இருக்கிறது.

சித்திரையில் ஜமுனா எட்டு மாதக் குழந்தையோடு வந்தாள். பேத்தி பெயர் யாழினி. அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். மூன்றாம் நாள் காலை நான் கீழே வண்டியில் மிஷினை ஏற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் மாடி அறைக் கதவு திறந்திருக்கிறது, மேல்படியின் ஓரத்தில் இரண்டு சின்ன உள்ளங்கை தெரிகிறது. மிஷினை விட்டுவிட்டுப் படிக்கு ஓடினேன். அறைக்குள்ளிருந்து கஸ்தூரி ஓடி வந்து குழந்தையின் காலைப் பிடித்து உள்ளே இழுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. குழந்தை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. நான்தான் கீழ்ப்படியில் உட்கார்ந்தவன் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

ஜமுனா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கே துணிமணியைப் பையில் அடைத்தாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னாள்:

"கைப்பிடி போட்டுட்டுப் போன் பண்ணு நைனா. அன்னிக்கே பாப்பாவத் தூக்கிகினு வரேன்."

தெருமுனை

மறுநாளே என் வீட்டுப் படியை அளவெடுத்துவிட்டேன். பைப் வாங்கப் போகும் வழியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீ குடிக்க நின்றேன். போன் வந்தது. கணக்கு டீச்சர் விசாலாட்சி. ஓய்வு பெற்றவர், எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு தள்ளி இருப்பவர். பின்பக்கக் கேட்டுக்குத் தாழ்ப்பாள் வைத்துத் தருகிறேன் என்று பத்து நாளாக அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்ல வேண்டும். "நாளைக்கு வரேன்" என்று உண்மையைச் சொன்னால் வீட்டுக்காரருக்கு உடனே கோபம் வரும். "பக்கத்துலதான் இருக்கேன்" என்றால் அவருக்கும் பத்து நிமிஷம் நிம்மதி, எனக்கும் பத்து நிமிஷம் நிம்மதி. அந்த நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்: "தெருமுனைக்கு வந்துட்டேன் டீச்சர், வண்டியத் திருப்பிகினு இருக்கேன்." சொல்லி முடித்தபோது டீச்சரின் குரல் போனிலும் கேட்டது, என் முதுகுக்குப் பின்னாலும் கேட்டது. பூ வாங்க வந்தவர் கையில் முழம் மல்லியோடு நின்றுகொண்டிருந்தார். போனை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பேசுகிற அதே நிதானத்தோடு சொன்னார்:

"திருப்புங்க, திருப்புங்க. நானும் பின்னால ஏறிக்கறேன்."

மூன்று அங்குலக் கட்டை

டீச்சரின் தாழ்ப்பாளை முடித்து என் வீட்டு வேலையைக் கையில் எடுப்பதற்குள் குரங்கு வந்துவிட்டது. மலையடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்குக் குரங்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மலைக்கோயிலுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சமைத்து வரும் குடும்பம் சுந்தரம் சாமியுடையது. அவர் வீட்டு மாடியில் வடாம் காயப் போட்டால், காய்வதற்குள் பாதி காணாமல் போகும். மாடி முழுவதையும் கூண்டு மாதிரி கம்பி போட்டு அடைத்துத் தரச் சொன்னார்.

இந்த ஊரில் கம்பிக்குக் கம்பி மூன்று அங்குலம்தான் இடைவெளி. நாலு விட்டால் குட்டிக் குரங்கு உள்ளே நுழைந்து, எடுத்து, வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் கொடுத்துவிடும். என்னோடு வேலை செய்யும் முனிரத்தினம் அதற்காகவே மூன்று அங்குலத்தில் ஒரு வேப்பங்கட்டை வைத்திருக்கிறார். அவர் கஸ்தூரியின் அண்ணன். எங்கள் பக்கத்துப் பேச்சில் தெலுங்கு கலந்திருப்பதால் நாங்கள் ஒருவரையொருவர் பாவா என்றுதான் கூப்பிடுவோம். ஒவ்வொரு கம்பியையும் கட்டையை வைத்துப் பார்த்துத்தான் பற்ற வைத்தோம். மூன்றாம் நாள் மதியம் கடைசிக் கம்பியும் முடிந்தது. பாவா கம்பியைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். சாமி தேங்காய் உடைத்தார்.

தேங்காய் வாசனைக்குத் தண்ணீர்த் தொட்டியின் மறைவிலிருந்து ஒரு பெரிய ஆண் குரங்கு சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து வந்தது. காலையிலேயே வந்து தொட்டி நிழலில் தூங்கியிருக்கிறது. அது வெளியே போக இரண்டே வழி. மாடிப்படி இறங்கி, சமையலறையைக் கடந்து, வாசல் வழியாகப் போக வேண்டும். இல்லையென்றால் நான் பற்ற வைத்ததை நானே அறுக்க வேண்டும். சாமி இரண்டு கையையும் விரித்து மாடிப்படிக் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"வெளியில இருக்கறது உள்ள வரக் கூடாதுன்னுதானே கம்பி போடச் சொன்னேன். உள்ள இருக்கறத வச்சிண்டு நான் என்ன பண்றது?"

ஒரே மேஸ்திரி

வைகாசியில் நிஜமாகவே என் வீட்டுக் கைப்பிடியைச் செய்து முடித்தேன். அழகான வேலை. ஓரமெல்லாம் வழவழவென்று தேய்த்து, பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். மறுநாள் காலை கொண்டுபோய்ப் பொருத்த வேண்டியதுதான் பாக்கி. அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் ஓடி வந்தார். விடிந்தால் கிரகப்பிரவேசம், ஒத்துக்கொண்ட வெல்டர் வரவில்லை, வருகிற கூட்டத்தில் யாராவது படியிலிருந்து விழுந்தால் என்ன செய்வது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வராத வெல்டர் மீது எனக்கே கோபம் வந்தது.

எங்கள் பகுதியில் இருக்கிற வீடுகளில் முக்கால்வாசி கோபால் மேஸ்திரி கட்டியது. அவர் கட்டுகிற படிக்கட்டு எல்லாம் ஒரே அளவு. ஏழு அங்குல உயரம், பத்து அங்குல அகலம், பதினேழு படி. யார் எப்படிக் கேட்டாலும் அதேதான் கட்டுவார். அதனால் என் வீட்டுக்குச் செய்தது கிரகப்பிரவேச வீட்டில் பூட்டுக்குச் சாவி மாதிரி பொருந்தியது. இன்னொன்று செய்தேன். கால் எலும்பு முறிந்த ஒரு பெரியவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறார், மாடியில்தான் படுக்கை என்று அவர் மகன் வந்து நின்றான். அதுவும் போயிற்று. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வந்திருக்கவும் கூடாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் வீட்டுக்குப் போனால் கஸ்தூரி பழைய புடவைகளை முடிச்சுப் போட்டுப் படியோரம் தடுப்பாகக் கட்டிக்கொண்டிருப்பாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்றாவது தடவையாகப் பைப் அறுக்க உட்கார்ந்தபோது பாவா சொன்னார்:

"நம்ம வீட்டு அளவ வச்சி ஊருக்கெல்லாம் கைப்பிடி போட்டுகினு வரோம் பாவா. நம்ம வீட்டுக்கு யாரு அளவ வைக்கிறது?"

நின்ற கேட்

அறுத்த பைப்பை மூலையில் வைத்தேன், ஆனி வந்துவிட்டது. ஆடி பிறந்தால் வீட்டில் புதிதாக எதையும் வைக்க மாட்டார்கள். அதனால் ஆனி கடைசி வாரத்தில் ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட் வேண்டும். திருவாலங்காட்டில் கரும்பு போடும் ரங்கநாதன் வீட்டுக்கு இரட்டைக் கதவுக் கேட். காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் கேட் நின்றாக வேண்டும் என்று ஜோசியர் குறித்துக் கொடுத்திருந்தார். இதற்கு எங்கள் வழக்கம் சுலபமானது. நல்ல நேரத்தில் நாலு இடத்தில் புள்ளி மாதிரி பற்ற வைத்துக் கேட்டை நிறுத்திவிடுவோம். பூஜை முடிந்ததும் சாவகாசமாக முழு வேலையையும் செய்வோம். அன்றைக்கு ஒன்பது ஐந்துக்குக் கரண்ட் போய்விட்டது.

பத்து மணி வரை பார்த்தார் ரங்கநாதன். கேட் நிற்க வேண்டும் என்றுதானே சொன்னார், எதன் மேல் நிற்க வேண்டும் என்று சொல்லவில்லையே என்று ஒரு முடிவுக்கு வந்தார். கதவுக்கு இரண்டு பேர் வீதம் தம்பியும் இரண்டு மாப்பிள்ளைகளும் சம்பந்தியும் பிடித்துக்கொள்ள, கேட் அதன் இடத்தில் நின்றது. சந்தனம் குங்குமம் வைத்தார்கள், ஆரத்தி எடுத்தார்கள். நின்ற கேட்டைப் பற்ற வைக்காமல் கீழே சாய்க்கக் கூடாது என்று வீட்டுப் பெண்கள் சொல்லிவிட்டதால் நாலு பேரும் பிடித்தபடியே இருந்தார்கள். இட்லியை வாயில் ஊட்டினார்கள். பதினொன்றே காலுக்கு, சட்னி ஒழுகிய சட்டையோடு சம்பந்தி கம்பிக்கு நடுவே முகத்தை வைத்துக் கேட்டார்:

"கேட்டு நின்னுடுச்சி சம்பந்தி. நாங்க எப்ப உக்கார்றது?"

லேசான காவடி

ஆடி வந்தால் கேட் வேலை நிற்கும், காவடி வேலை தொடங்கும். ஆந்திராவில் நகரிப் பக்கத்திலிருந்து வருஷா வருஷம் காவடி எடுத்து வரும் வெங்கடய்யா போன ஆடியில் இரும்புச் சட்டம் செய்யக் கொடுத்திருந்தார். அறுபது வயது, முதுகுவலி வேறு. உள்ளே கெட்டியான கம்பியாகப் போடு, பாரம் தெரிய வேண்டும், அதுதான் வேண்டுதல் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் குனிந்து செருப்பு மாட்டிய சிரமத்தைப் பாவா பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒன்றும் பேசாமல் உள்ளே வெற்றாக இருக்கிற மெல்லிய பைப்பை எடுத்து வந்து மேஜை மேல் வைத்தார். நானும் ஒன்றும் பேசாமல் பற்ற வைத்தேன். இதை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. வெங்கடய்யா தெலுங்கு மட்டும்தான் படிப்பார் என்ற தைரியத்தில் இப்போது சொல்கிறேன்.

இந்த ஆடி முதல் வாரத்தில் அவர் மறுபடி வந்தார். பின்னால் எட்டுப் பேர். எல்லோருக்கும் அதே பட்டறையில், அதே கையால், அதே மாதிரி காவடி வேண்டுமாம். என் வீட்டுப் பைப்பை மூலையிலிருந்து இன்னும் உள்மூலைக்குத் தள்ளி அவர்களுக்கு இடம் போட்டேன். வெங்கடய்யா கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு, எட்டுப் பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"போன வருஷம் பாதி பாரத்த சாமியே தூக்கிகினு வந்தாரு நைனா. எனக்குத் தெரிஞ்சுது."

புது வாடிக்கையாளர்

ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஜமுனா போன் செய்தாள். யாழினி நடக்க ஆரம்பித்துவிட்டாளாம். போனில் படம் காட்டினாள். தறிக்கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு, அப்புறம் தொப்பென்று உட்கார்ந்து கைதட்டல். நான் பதினைந்து தடவை பார்த்தேன். கிருத்திகைக்கு வரட்டுமா, கைப்பிடி ஆச்சா என்று ஜமுனா கேட்டபோது, கஸ்தூரி என்னைப் பார்த்தாள். நான் விசிறியைப் பார்த்தேன். "கெளம்பி வா, இருக்கும்" என்று கஸ்தூரி சொல்லிவிட்டாள். இல்லையென்றால் வந்த பஸ்சிலேயே திரும்பிப் போவேன் என்று மகள் சொன்னது எனக்கும் கேட்டது.

போனை வைத்த கஸ்தூரி அப்படியே இன்னொரு நம்பரைப் போட்டாள். ஆர்.கே.பேட்டையில் தனபால் என்று ஒரு வெல்டர் இருக்கிறான், நல்ல வேலைக்காரன் என்று யாரோ சொன்னார்களாம். நான் எதிரில் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். தெருப்பெயர் சொன்னாள், கோபால் மேஸ்திரி கட்டிய படி என்றாள், உடனே அந்தப் பக்கம் அளவு புரிந்துவிட்டது. தொழிலில் இருபத்தாறு வருஷம் போட்டிருக்கிறேன், இப்படி ஓர் அடி வாங்கியதில்லை. வீட்டில் ஆம்பளை யாரும் இல்லையா என்று தனபால் கேட்டிருப்பான் போல. கஸ்தூரி என் தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே பதில் சொன்னாள்:

"ஆங், வீட்டுக்காரரு இருக்காருங்க. ஆனா அவரால இந்த வேலை ஆவாதுங்க."

நாற்காலி

தனபால் நாலு தடவை நாள் சொல்லி நாலு தடவையும் வரவில்லை. கடைசியாகக் கிருத்திகைக்கு முதல் நாள், பரணியன்று காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னான். அன்றைக்குச் சாயங்காலம்தான் ஜமுனா வருகிறாள். வெல்டர் வந்தால் வீட்டில் ஆள் இருக்க வேண்டும், பட்டறைக்குப் போகாதே என்று கஸ்தூரி எனக்கு உத்தரவு போட்டுவிட்டாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒன்பதுக்குப் போன் செய்தேன். "பக்கத்துலதாண்ணா இருக்கேன், பத்தே நிமிஷம்" என்றான். பின்னால் தறி ஓடுகிற சத்தம் கேட்டது. எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் தறியே கிடையாது. பத்துக்குச் செய்தேன். மறுபடி பத்தே நிமிஷம். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பத்து நிமிஷம் நிம்மதியாகத்தான் இருந்தது. பதினோராவது நிமிஷத்தில்தான் வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் எத்தனை வயிற்றை எரித்திருக்கிறேன் என்று உட்கார்ந்து எண்ணினேன்.

காவடிக்காரர்கள் சாரி சாரியாக மலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். என் கண் சாலையில்தான் இருந்தது. ஒவ்வொரு குட்டி யானை வண்டிக்கும் எழுந்து நின்றேன். அர்ச்சனைத் தட்டோடு அந்தப் பக்கம் போன விசாலாட்சி டீச்சர் நின்று, நாற்காலியைப் பார்த்தார், என் கையில் இருந்த போனைப் பார்த்தார், எல்லாம் புரிந்துகொண்டு அன்பாகக் கேட்டார்:

"இப்ப எந்தத் தெருமுனையில இருக்காராம்?"

இரண்டு வெல்டர்

பதினொன்றரைக்கு வந்தான் தனபால். முப்பது வயதுப் பிள்ளை, வியர்வையில் நனைந்திருந்தான். வண்டியில் மிஷின் இருந்தது. கைப்பிடி இல்லை. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. பைப் கடையில் என்னைப் பல தடவை பார்த்திருக்கிறான். "அண்ணா, நீங்க இங்க என்ன பண்றீங்க?" என்றான். "நான்தான்பா கஸ்டமர்" என்றேன். எங்கே கைப்பிடி என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். செய்து வைத்திருந்தானாம். முந்தின நாள் அவன் ஊரில் ஒரு வீட்டில் நிச்சயதார்த்தம், அவசரம் என்று கெஞ்சினார்கள், கோபால் மேஸ்திரி அங்கேயும் கட்டியிருக்கிறார், அதே அளவு, தூக்கிக் கொடுத்துவிட்டானாம். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். எந்த வாயால் திட்டுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன்.

நாலு மணிக்கு என் பேத்தி வருகிறாள் என்று மட்டும் சொன்னேன். அவன் உடனே சட்டையைக் கழற்றினான். பாவாவுக்குப் போன் போட்டேன். உள்மூலையில் கிடந்த பைப்பையும் என் மிஷினையும் வண்டியில் போட்டுக்கொண்டு அவர் நிஜமாகவே பத்து நிமிஷத்தில் வந்தார். திருவிழாவை உத்தேசித்து அன்றைக்குக் கரண்ட் போகவே இல்லை. கீழ்ப்படியிலிருந்து நான், மேல்படியிலிருந்து தனபால், நடுவில் பாவா தன் மூன்று அங்குலக் கட்டையோடு. குட்டிக் குரங்கு நுழையாத இடத்தில் தன் தங்கை மகளின் பிள்ளையும் நுழையாது என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு கம்பிக்கும் கட்டையை வைத்தார். ஒன்பதாவது படியில் தனபாலும் நானும் சந்தித்தோம். கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவன் பற்ற வைத்ததைப் பார்த்தேன். சுத்தமான கை, என்னுடையதைவிட ஒரு மாற்று அதிகம். அதை அவனிடமே சொன்னேன். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டான்:

"வெல்டர் வீட்டுக்கே வேலை செஞ்சவன்னு கடை போர்டுல எழுதிக்கட்டுங்களாண்ணா?"

ஈரப் பெயின்ட்

மூன்றே முக்காலுக்குச் செம்மண் நிற ரெட் ஆக்ஸைடு பெயின்டை ஒரு கை அடித்து முடித்தோம். கூட்டத்தால் பஸ்சை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜமுனா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காவடிகளோடு காவடியாக நடந்து வந்தாள். வாசலுக்கு வந்தவள் எங்களை யாரையும் பார்க்கவில்லை, படியைத்தான் பார்த்தாள். குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு, மேலே வரை ஏறி, ஈரம் என்று நாங்கள் கத்துவதற்குள் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை. சிவந்துபோன கையைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். நாலு மாதம் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

அதற்குள் யாழினி கீழ்ப்படிக்கு வந்துவிட்டாள். சுவரைத் தேடினாள், கைப்பிடிக் கம்பி கிடைத்தது. பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா மேலே நிற்பதைப் பார்த்து அடுத்த கம்பிக்குக் கையை மாற்றினாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, எதையும் பிடிக்காமல் மூன்று எட்டு வைத்து அவளுக்காக நான் மாற்றியிருந்த வெள்ளைச் சட்டையில் வந்து விழுந்தாள். சட்டையில் இரண்டு சின்ன உள்ளங்கை சிவப்பாகப் பதிந்தது. சித்திரையில் மேல்படி ஓரத்தில் பார்த்த அதே உள்ளங்கை. நான் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. தனபாலும் பாவாவும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கிரைண்டர் ஒயரைச் சுற்றினார்கள். அந்தச் சட்டையை இன்னும் துவைக்கவில்லை.

படியோரம் கட்டியிருந்த பழைய புடவைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மடித்துக்கொண்டே வந்த கஸ்தூரி, கைப்பிடியை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை பார்த்தாள். எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்து நின்றாள்.

"வேலை நல்லா இருக்குதுங்க. வாசல் கேட்டும் துரு புடிச்சிக் கெடக்குது, எப்ப வரீங்க?"

இருபத்தாறு வருஷத் தொழிலில் சொன்ன நாளுக்குள் நான் முடித்துக் கொடுத்த ஒரே வேலை என் வீட்டுப் படிக்கட்டுதான், அதுவும் வீட்டுக்காரி வேறொரு வெல்டரைக் கூப்பிட்ட பிறகு.